அத்திவாரம் பார்க்கப் போனேன்

“வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்” என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுகிறவன் படும் பாட்டை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால், கட்டியதைப் பார்த்துச் சரி பிழை சொல்லுகிறவன் படும் பாட்டைப் பற்றி அவர்கள் ஒன்றுஞ் சொல்லிவைக்கவில்லை. அக்காலத்தில் அதற்கென்று தனியே ஒருவரை வைத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை போலும். மேசனும் தச்சனும் ஊரவர்கள். பிழை விட்டால் மறுநாள் ஊரார் முகத்தில் விழிக்க இயலாது. அந்த நாணமே அந்நாளைய மேற்பார்வையாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே வீடு வாங்க எண்ணுபவர்களுட் பலர், முதலில் வீட்டுப் பரிசோதகர் ஒருவரை அழைத்து, கூரை தொடக்கம் நிலவறை ஈறாகப் பார்ப்பித்து, அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை வாசித்த பின்னரே கையொப்பம் இடுகின்றனர். நம் நாட்டில் அத்தகைய வேலை பெரும்பாலும் தொழினுட்ப உத்தியோகத்தரின் கையில் இருக்கின்றது. கிராமத்துப் பெரியவர்கள் பழைய வழக்கப்படி அவரை ‘ஓவசியர்’ என்றே அழைப்பர். அந்த ஓவசியர் வேலையில் நான் கால் வைத்த கதையையும், முதலாண்டிலேயே நான் விட்ட பிழையொன்றையும் இங்கே எழுதப் புகுந்தேன். இத்துறையில் இறங்க எண்ணும் மாணவர் எவருக்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வேன்.

தொழினுட்பக் கல்லூரியிற் கட்டட நிர்மாணம் படித்து முடித்தபின் ஏறத்தாழ ஓராண்டு காலம் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருந்தேன். 2013 ஆம் ஆண்டு தை மாதத்தில் நியமனக் கடிதம் வந்தது. மன்னார் மாவட்டத்திலே, மீள்குடியேறிய மக்களுக்கான வீடமைப்புத் திட்டமொன்றிற் தற்காலிக உத்தியோகம். சொந்தமாக மோட்டார்ச் சைக்கிள் இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. அம்மா தம் சங்கிலியை அடைவு வைத்துப் பழைய வண்டியொன்று வாங்கித் தந்தார்.

புறப்படும் நாளன்று என் அம்மான் வந்தார். அவர் அரசாங்கத்தில் ஓவசியராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். தாம் முப்பது வருடங்களாகப் பாவித்த பித்தளைத் தூக்குக்குண்டை ஒரு துணியிற் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “தம்பி, உனக்குப் படிப்பிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைச்சிரு. எதையும் மூடமுன்னம் போய்ப் பார். மூடினபிறகு போனால் நீ பார்க்கிறது மண்ணைத்தான்” என்றார். நான் தலையசைத்தேன். அந்தச் சொல்லின் விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்ற பின்னர், ஊர் திரும்பிய மக்களுக்காக வடக்கிலும் கிழக்கிலும் பல வீடமைப்புத் திட்டங்கள் நடைபெற்றன. அவற்றுட் பெரியது 50,000 வீடுகளுக்கென இந்திய அரசின் உதவியோடு நடந்த திட்டமாகும். அதன் பெரும்பகுதி 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி, காந்தியடிகளின் பிறந்த தினத்தன்று, ஆரம்பிக்கப்பட்டது. புதிய வீடொன்றிற்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே கட்டிடத்தை நடத்த, பணம் தவணை தவணையாக அவருடைய வங்கிக் கணக்கிற்குச் சென்றது.

நான் சேர்ந்த திட்டமும் அவ்வொழுங்கிலேயே அமைந்தது. அத்திவாரம் முடிந்ததும் ஒரு தவணை. சுவர் யன்னல் மட்டத்திற்கு மேலே எழுந்ததும் ஒரு தவணை. கூரை ஏறியதும் ஒரு தவணை. ஒவ்வொரு படியிலும் உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையொப்பம் இட்டாலன்றி அடுத்த பணம் அசையாது. இருபத்து மூன்று வயதுப் பையனின் கையொப்பத்திற்காக, தகரக் கொட்டிலில் ஐந்து பேரோடு குடியிருக்கும் ஒரு தகப்பன் வழி பார்த்து நிற்பார். இந்த நினைப்பு முதலில் எனக்கு ஒருவகைப் பெருமையைத் தந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆரம்பத்தில் மூத்த உத்தியோகத்தர் ஒருவரின் பின்னால் திரிந்து வேலை பழகினேன். கல்லூரியிற் படித்தவையெல்லாம் அவரிடத்திற் கையாலும் காலாலும் நாக்காலுஞ் செய்யும் காரியங்களாக மாறின. மணற் குவியலைக் கண்டால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் அந்த மணல் கொங்கிறீற்றுக்கு ஆகாது. உள்ளே கிடக்கும் கம்பியில் கறல் ஏறும். கறல் பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றையே பிளந்துவிடும். பின்னர் ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி நிழலில் வைப்பார். மணல் அடியிற் படிய, அழுக்கு மண் மேலே தனிப் படையாகத் தெரியும். அந்தப் படை தடித்திருந்தால் லொறியைத் திருப்பி அனுப்பவேண்டியதுதான்.

சீமெந்துப் பையைப் பிரித்ததும் கையை உள்ளே நுழைப்பார். நல்ல சீமெந்து குளிர்ச்சியாக இருக்கும். கட்டியிருந்தால் விரல்களால் நசுக்குவார். பொடியாகாவிட்டால் அது ஈரம் பட்டு வீணானது. சீமெந்துக் கற்கள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் அவை முற்றாத கற்கள். சுவரின் மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறிப்பார். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை சரி. பாடசாலையில் நான் மனனஞ் செய்த பைதகரசின் தேற்றம், புழுதியிற் கயிறு பிடித்தபடி நின்றபோதுதான் எனக்கு உண்மையில் விளங்கிற்று.

கலவைக்கு நீர் கூட விடுவதே நம்மவர்கள் பெரும்பாலும் விடும் பிழை. நீர் கூடினாற் கலவை இலகுவாக ஓடும். வேலையும் சுறுக்கில் முடியும். ஆனால் அந்த நீர் காய்ந்தபின் உள்ளே சிறு வெற்றிடங்கள் எஞ்சிக் கொங்கிறீற்றின் பலம் குறையும். வார்க்கும்போது நீரைக் குறை. வார்த்தபின் ஏழு நாட்களுக்கேனும் ஈரச் சாக்குப் போட்டு நீர் ஊற்று என்பதே விதி. நம்மவர் இதனைத் தலைகீழாகச் செய்வர்.

மூன்று மாதங்கழித்து என்னைத் தனியே விட்டனர். கட்டுக்கரைக்குளத்து வயல்வெளிக்கு அயலிலுள்ள கிராமங்கள் சில என் பொறுப்பில் வந்தன. அவற்றுள் ஒன்றில் ஓர் அம்மையார் இருந்தார். கணவர் இல்லை. பாடசாலைக்குச் செல்லும் மகள் ஒருத்தியும், அவளுக்கு இளைய பையன்கள் இருவரும் இருந்தனர். கிடங்கு வெட்டியதும், கல் சுமந்ததும், நீர் அள்ளியதும் எல்லாம் அந்த நால்வருமே. கட்டுவதற்கு மட்டும் ஒரு மேசனைப் பிடித்திருந்தார்.

ஆவணி மாதம். அத்திவாரம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்து ஐந்தாம் நாளே நான் அங்கு போனேன். அதற்குள் கிடங்கின் இருபுறமும் மண்ணிட்டு மூடியாயிற்று. மேலே தெரிந்த கருங்கற் கட்டு அழகாக இருந்தது. மட்டம் பார்த்தேன், மூலை பார்த்தேன், குற்றமில்லை. “ஆழம் எவ்வளவு?” என்று மேசனைக் கேட்டேன். “இரண்டரை அடி” என்றார். அலவாங்கை வாங்கி ஓரிடத்திற் குத்தினேன். கோடையிற் காய்ந்த அந்த மண் பாறைபோல் இறுகிக் கிடந்தது. அலவாங்கு இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்திலே வீடு கட்டுவோர் அதிக ஆழந் தோண்டுவதில்லை. எங்கள் பக்கத்திற் சிறிது தோண்டியதுமே சுண்ணக்கல் தட்டுப்படும். அதன்மேல் வைத்த அத்திவாரம் தலைமுறை தலைமுறையாக அசையாது. இந்த மண்ணும் அப்படியே இறுகியதென்று என் கண் சொல்லிற்று. அம்மையார் செவ்விளநீர் வெட்டிக் கொண்டுவந்து நின்றார். ஓரிடத்தையாவது மீண்டும் தோண்டச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் எண்ணினேன். அந்தப் பிள்ளைகளின் கொப்புளித்த கைகளைப் பார்த்து மனம் வரவில்லை. கையொப்பம் இட்டேன். பணம் போயிற்று. இரக்கமுள்ளவன் என்று என்னையே மெச்சிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

கார்த்திகை மார்கழி மழை பெய்து ஓய்ந்தது. மாசி மாதத்தில் சுவர் பார்ப்பதற்காக அங்கு சென்றேன். சுவர்கள் எழுந்து யன்னல்களின் மேல் வளையும் வார்த்திருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். தென்கிழக்கு மூலையறையிலே, பூசாத வெறுஞ் சுவரில், யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டி தொங்கியது. கூரையில்லாத வீட்டில் நாட்காட்டி எதற்கு? நான் அதை நெருங்கியபோது அம்மையாரின் முகம் மாறிற்று. மகள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாட்காட்டியை எடுத்தேன். யன்னலின் கீழ்மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் இறங்கிய வெடிப்பொன்று அத்திவாரம் வரை சென்றது. சுண்டுவிரல் நுழையும் அகலம். அதன்மேற் சீமெந்து அப்பி மறைக்க முயன்றிருந்தனர். அதுவும் மீண்டும் பிளந்திருந்தது.

“ஏனம்மா எனக்குச் சொல்லவில்லை?” என்றேன்.

“சொன்னால் நீங்கள் காசை நிற்பாட்டிப் போடுவியளெண்டு பயந்தன், தம்பி” என்றார். சற்று நேரத்தின்பின், “நீங்கள்தானே நல்லதெண்டு எழுதினனீங்கள். உங்களுக்கும் வில்லங்கம் வருமெண்டு நினைச்சன்” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியம் என்னை வாட்டியது. எவருடைய உயிர்க்காவலுக்காக நான் அனுப்பப்பட்டேனோ, அவர் தம் வீட்டின் நோயை எனக்கு மறைத்தார்; அதில் ஒரு பங்கு என்னைக் காப்பாற்றுவதற்காகவும் மறைத்தார். வீட்டுக்காரர் பிழையை ஒளிக்கும்படி நடந்துகொண்ட பரிசோதகன், எத்தனை அளவுகோல் வைத்திருந்தும் குருடனே.

அன்று மாலையே மூத்த உத்தியோகத்தரிடம் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். தற்காலிக உத்தியோகம், அடைவிலிருந்து சங்கிலி மீளவில்லை, கை நடுங்கியது. அவர் ஏசவில்லை. “நாளைக்கு மண்வெட்டியோடு வா” என்றார். மறுநாள் மூலையைத் தோண்டினோம். அத்திவாரம் இரண்டரை அடியல்ல, ஒன்றேமுக்கால் அடிதான். அதன் கீழே இருந்தது, கோடையில் என் அலவாங்கைத் தடுத்த அதே மண். இப்போது கையில் எடுத்தால் மெழுகுபோலக் குழைந்தது.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இது மூச்சு விடுகிற மண், தம்பி. மாரியில் ஊதும், கோடையில் வத்தும்” என்றார். அதைவிடச் சிறந்த விளக்கம் நான் எந்த நூலிலும் வாசிக்கவில்லை. முருங்கன் பக்கத்துக் கருங்களி அது. நீரைக் குடித்து வீங்கும். வெயிலிற் சுருங்கி, கை நுழையும் அளவிற்குப் பிளக்கும். நெல்லுக்கு உகந்தது; சுவருக்குப் பகை. ஒரு வேடிக்கையும் உண்டு. 1950 ஆம் ஆண்டளவில் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு, சுண்ணக்கல்லோடு சேர்ப்பதற்கான களிமண் இந்த முருங்கனிலிருந்தே சென்றது. யாழ்ப்பாணத்து வீடுகளைத் தாங்கிய சீமெந்திற் சேர்ந்த மண்ணைத்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் அறியாமற் போனேன்.

நல்ல காலமாகக் கூரை ஏறியிருக்கவில்லை. முதலில் வெடிப்பின் குறுக்கே கடதாசித் துண்டுகளை ஒட்டித் திகதி எழுதிவைத்தோம். ஒரு கிழமைக்குள் இரண்டு துண்டுகள் கிழிந்தன. வெடிப்பு இன்னும் நகர்கின்றது என்பது உறுதியாயிற்று. ஆகவே அந்த மூலையை இறக்கினோம். பருவத்தோடு ஊதி வற்றும் களியைத் தாண்டி ஆழமாகத் தோண்டி, அடியில் மணலும் சல்லியும் இட்டு இறுக்கி, அத்திவாரத்தைப் புதிதாகக் கட்டினோம். மற்றப் பக்கங்களையும் பகுதி பகுதியாகத் தோண்டி ஆழப்படுத்தினோம். வீட்டைச் சுற்றி நீர் தேங்காதபடி சாய்வாகச் சீமெந்துத் தளமும் போட்டோம்.

ஊரார் இரண்டு நாட் சிரமதானத்திற்கு வந்தனர். பொய் சொன்ன மேசன் கூலி வாங்காமல் வேலை செய்தார். தாம் அந்த மண்ணில் முன்பு கட்டியதில்லை என்றும், பிள்ளைகள் களைத்துப் போனதைப் பார்த்து ஆழத்தைக் குறைத்ததாகவும் தலைகுனிந்து சொன்னார். என்னை ஏமாற்றிய பொய்யும், நான் இட்ட கையொப்பமும் ஒரே இரக்கத்திற் பிறந்தவை என்பதை அப்போது கண்டேன். என் ஒரு மாதச் சம்பளம் சீமெந்திற்கும் கம்பிக்குஞ் சென்றது. இதைத் தருமமாகச் சொல்லவில்லை, அது கடன். என்மீது எழுத்தில் ஒரு கண்டிப்பும் வந்தது. அதுவும் நியாயமே.

அதன்பின் என் வேலை முறை மாறிற்று. கிடங்கு வெட்டத் தொடங்கும் நாளிலேயே போய், ஆழத்தைக் குறித்த தடியொன்றை வீட்டுக்காரர் கையிற் கொடுத்தேன். மேசன் கல்லைத் தொடமுன் அந்தத் தடி கிடங்கில் நிற்கவேண்டும். நான் வராமல் மண் மூடக்கூடாது. மூடாமல் அவர்களைக் காக்கவைப்பதும் என் குற்றமாகும். செய்தி வந்த மறுநாளே போய் நின்றேன். மூடமுன்னம் போ என்று அம்மான் சொன்னதன் பொருள் அதுவே. காலத்தில் மறுத்தால் ஒரு பிற்பகல் உழைப்போடு போகும். காலந் தாழ்த்தி மறுத்தால் ஒரு சுவரே போகும்.

மற்றொரு பழக்கமும் கைக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அளவு நாடாவை எடுக்குமுன், “உங்களுக்கு எந்த இடம் ஐயமாய் இருக்கிறது?” என்று கேட்பேன். பிழை கண்டால் காசு நிற்குமென்று சொல்வதற்கு முன், அதைத் திருத்தும் வழியைச் சொல்வேன். முதலில் தயங்குவார்கள். பிறகு, “இந்த வளையில் ஒரு கறையான் புற்று இருந்தது”, “அந்த மூலையில் மாரித் தண்ணீர் நிற்கும்” என்று தாமாகவே காட்டுவார்கள். வீட்டைப் பற்றி அதில் வாழ்பவரைப்போல அறிந்தவர் வேறு எவர்? போத்தலில் மணல் பார்க்கும் வித்தையைப் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். சில வீடுகளில் அவர்கள் எனக்கு முன்னரே பார்த்து, லொறியைத் திருப்பி அனுப்பியுமிருந்தனர்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். இத்தொழிலுக்குத் தொழினுட்பக் கல்லூரிச் சான்றிதழோ டிப்ளோமாவோ வாயில். ஆயினும் அது வாயில் மட்டுமே. படிக்கும்போதே விடுமுறை நாட்களில் நல்ல மேசன் ஒருவரோடும் தச்சன் ஒருவரோடுஞ் சென்று கை வேலை பழகுங்கள். கல் வைக்கத் தெரியாதவன் கல் வைத்ததிற் குற்றங் காண்பது அழகன்று. புதிய ஊரொன்றிற்குப் போனால், அங்குள்ள பழைய வீடுகள் எங்கே வெடித்திருக்கின்றன என்று சுற்றிப் பாருங்கள். அவ்வூர் மண்ணின் குணத்தை அவை சொல்லும். கண்டதைக் கண்ட இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். காணாததைக் கண்டதாக ஒருபோதும் எழுதாதீர்கள். ‘மூடப்பட்டிருந்தபடியால் பார்க்கவில்லை’ என்று எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அன்று அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

பல ஆண்டுகளின்பின் அண்மையில் அவ்வழியே போக நேர்ந்தது. கூரையில் ஓடு பாசி பிடித்திருந்தது. முற்றத்தில் மாதுளை நின்றது. அம்மையாரின் தலை நரைத்துவிட்டது. மகள் இப்போது ஆசிரியை. வண்டிச் சத்தங் கேட்டு வெளியே வந்தவர், “வாங்கோ தம்பி” என்ற கையோடு, தேநீரைக்கூட மறந்து, என்னை நேரே மூலையறைக்கு அழைத்துச் சென்றார். சேலைத் தலைப்பால் சுவரைத் துடைத்து, “இதை ஒருக்காப் பாருங்கோ” என்றார்.

யன்னலுக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடு. அதன் குறுக்கே கடதாசித் துண்டொன்று ஒட்டியிருந்தது. மகளின் கையெழுத்தில், இரண்டு வருடங்களுக்கு முந்திய திகதி. கடதாசி கிழியவில்லை. நான் விரலால் தட்டிப் பார்த்தேன்.

“பயமில்லை அம்மா. பூச்சு காய்ந்த வெடிப்பு. சுவர் நல்லாயிருக்கு” என்றேன்.

“எனக்குந் தெரியும்” என்றார் அவர். “எண்டாலும் உங்களுக்குக் காட்டவேணும் எண்டு வைச்சிருந்தனான்.”